பட்டாணிக்கு ஒரு வீடு

வில்லியனூரில் அந்தப் பழைய நெல் குடோனைக் காலி செய்துகொடுக்க இன்னும் இருபத்தாறு நாள்தான் இருந்தது. அதற்குள் மிச்சமிருந்த ஒரே ஒரு பூனைக்கு வீடு கண்டுபிடித்தாக வேண்டும்.

குடோனில் பதினோரு வருஷமாகக் காப்பகம் நடத்தியவர் செல்வகுமாரி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’தான். கால் ஒடிந்த நாய், கண் போன பூனை, சாக்கில் கட்டி வாசலில் போட்டுவிட்டுப் போன குட்டிகள் என்று யாரும் வேண்டாமென்று தள்ளியதெல்லாம் அங்கே வந்து சேரும். இடத்துக்காரர் இறந்ததும் அவர் பிள்ளைகள் குடோனை விற்றுவிட்டார்கள். சிஸ்டருக்கும் முட்டி தேய்ந்து போயிருந்தது. ஓசூரில் இருக்கும் மகளிடம் போய்விடுவதென்று முடிவு செய்தார். மூன்று மாதம் அலைந்து ஏழு நாய்களுக்கும் பதினெட்டுப் பூனைகளுக்கும் ஆள் பிடித்தாகிவிட்டது. பத்தொன்பதாவது, பட்டாணி.

சாம்பல் நிறம். இடது காது பாதி கருகிப்போனது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மதகடிப்பட்டு கூட்ரோட்டில் விழுப்புரத்திலிருந்து வந்து நின்ற ஒரு லாரியின் முன்பக்கத்தை மெக்கானிக் திறந்தபோது, இன்ஜினுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு குட்டி ஒட்டிக்கொண்டு கிடந்தது. அன்றிலிருந்து மோட்டார் சத்தம் கேட்டால் போதும், பட்டாணி எந்த இடுக்கு கிடைக்கிறதோ அதில் நுழைந்துவிடும். குடோனில் அதன் இடம் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த ஒரு சாண் சந்து. யாரும் இல்லாதபோது வந்து தின்றுவிட்டுப் போகும். போதாக்குறைக்கு இரண்டு வருஷமாக சிறுநீரகம் கெட்டுப்போய், ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கு அடியில் ஊசி போட்டு உப்புநீர் ஏற்ற வேண்டியிருந்தது.

அதைப் பிடிக்கத் தெரிந்தவள் இளவரசி மட்டும்தான். ஏம்பலத்தில் வாழ்க்கைப்பட்ட அவள் நாலு வருஷமாகக் காப்பகத்தில் வேலை செய்தாள். காலை ஒன்பது மணிக்கு ஸ்கூட்டியில் வருவாள், ஒரு மணிக்குத் திரும்புவாள். பட்டாணியைப் பிடிப்பதற்கு அவள் ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. சந்துக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, மடியில் ஒரு பழைய துண்டை விரித்து வைத்துக்கொண்டு, சும்மா இருப்பாள். அரைமணி ஆகும். சில நாள் ஒருமணி ஆகும். பிறகு துண்டின் ஓரத்தில் ஒரு கனம் தெரியும். திரும்பிப் பார்க்காமலே துண்டோடு சுருட்டி எடுத்துக்கொள்வாள்.

அந்தச் சும்மா இருக்கும் நேரம் அவளுக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை.

ஏம்பலத்தில் அவள் புகுந்த வீடு பெரிய வீடு. நெல்லும் கரும்பும் போடும் நிலம் வீட்டுக்குப் பின்னாலேயே தொடங்கிவிடும். மாமியார் அமுதம் கெட்டவள் இல்லை. அடித்ததோ திட்டித் தீர்த்ததோ இல்லை. ஆனால் அந்த வீட்டில் இளவரசி எங்கே இருக்கிறாள் என்பது எந்த நேரமும் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் கால்மணி நின்றால் “இளவரசி, எங்க கீற?” என்று குரல் வரும். கடைக்குப் போனால் கடைக்காரன் வீட்டுக்குப் போன் போடுவான். கணவன் ராஜ்குமார் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும்போதுகூட அவள் எழுந்து வெளியே போனால் கண்ணைத் திறக்காமலே “எங்க?” என்பான்.

காப்பகத்தில் கம்ப்யூட்டர் வேலை என்று வீட்டில் பொய் சொல்லித்தான் அவள் சேர்ந்தாள். ஒரு மாதத்திலேயே புடவை வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது.

“நம்ம வூட்டுப் பொண்ணு போயி பூன பீ அள்ளுதுன்னு ஊரே பேசுது,” என்றாள் அமுதம். ஆனாலும் நாளைக்கு நிறுத்து, மாசம் போகட்டும் நிறுத்து என்று சொல்லிச் சொல்லியே நாலு வருஷம் ஓடிவிட்டது. இப்போது குடோன் போகிறது என்று தெரிந்ததும் அமுதம் நிம்மதியாகச் சொன்னாள்: “நல்லதாப் போச்சி. இனிமே வூட்லயே இரு.”

அந்த வார்த்தை இளவரசியின் நெஞ்சில் போய்க் கல்லாக உட்கார்ந்தது. பட்டாணி போகும் நாளோடு அவள் வெளியே வருவதும் முடிந்துவிடும்.

முதலில் வந்தவர்கள் வில்லியனூர் பேங்கில் வேலை செய்யும் ஒரு புருஷன் பெண்டாட்டி. ஆசையாகத்தான் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பூனை பிரிட்ஜுக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததுதான், வரவே இல்லையாம். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாவதாக வந்தவள் ஜெயசித்ரா. மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தனியாக இருந்தாள், முன்பே ஒரு நோயாளிப் பூனையை வைத்துப் பார்த்தவள். சிஸ்டர் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். இளவரசிதான் பேசினாள்.

“எவ்ளோ நாள் இருக்கும்னு டாக்டர் சொல்றாரு?” என்று டீச்சர் கேட்டாள்.

ஒழுங்காக நீர் ஏற்றினால் நாலைந்து வருஷம்கூட இருக்கும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். இளவரசியின் வாயில் வேறு வந்தது.

“ரெண்டு மாசமோ மூணு மாசமோ. கடைசில ரொம்பக் கஷ்டப்படும் டீச்சர். வாயெல்லாம் புண்ணு வரும். நீங்க தனியா வேற இருக்கீங்க.”

டீச்சரின் முகம் வாடியது. போன பூனை செத்ததையே இன்னும் மறக்க முடியவில்லை, இன்னொரு தடவை தாங்காது என்று மெதுவாகச் சொன்னாள். பீரோப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டபோது, இளவரசிக்கு முதலில் வந்தது ஆறுதல். அப்புறம்தான் வெட்கம் வந்தது. அவள் சந்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அன்று பட்டாணி சீக்கிரமே வந்து துண்டில் ஏறியதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

சிஸ்டருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. டீச்சரே போன் செய்து மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். மறுநாள் டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, ரெண்டு மாசம்னு எந்த டாக்டர் சொன்னாரு?”

இளவரசி கையிலிருந்த துண்டை மடிக்கத் தொடங்கினாள்.

“அந்தப் பொண்ண நீதான் தொரத்துன. இல்லையா?”

“எனக்கு இதவுட்டா வேற எதுவும் இல்ல சிஸ்டர்,” என்றாள் இளவரசி. “இது போயிட்டா என்ன யாரும் வாசல தாண்ட வுட மாட்டாங்க.”

சிஸ்டர் டப்பாவைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

“அது உன் பிரச்சன. அந்தப் பூனையோட பிரச்சன இல்ல. உனக்காக அதக் கட்டி வெக்காத. இன்னும் பத்தொம்பது நாள் இருக்குது.”

அந்தப் பத்தொன்பது நாளில் ஆறு நாள் போனபிறகு தனக்கொடி வந்தாள்.

தனக்கொடியை இருவருக்கும் தெரியும். வில்லியனூர் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவள். நாற்பது வயது, கருத்த உறுதியான கைகள். மீன் தலையும் செதிளும் போக மிஞ்சும் சதைத்துண்டுகளைக் காப்பகத்துக்கென்று தனியாக ஒரு பையில் கட்டி வைப்பாள். பையை வாங்க யார் போனாலும் நாலு வார்த்தை பேசாமல் விடமாட்டாள். அன்று அவளே பையோடு வந்து நின்றாள்.

“ஒரு பூன மீந்து கீதாமே. நான் எடுத்துக்கறேன்.”

இளவரசி சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் வேண்டுமென்றே உள்ளே போய்விட்டார்.

“யக்கா, அது சீக்குப் பூன,” என்றாள் இளவரசி. இந்தமுறை உள்ளதை மட்டும் சொன்னாள். “ஒருநாள் வுட்டு ஒருநாள் ஊசி போட்டு தண்ணி ஏத்தணும். கருவாடு, உப்பு எதுவும் ஆவாது.”

“வெட்டுற கைக்கு ஊசி போட வராதா? சொல்லிக் குடு, போடறேன்.”

“ஆளக் கண்டா ஓடும். யாராவது வூட்டுக்கு வந்தா ரெண்டு நாளிக்கு சாப்பிடாது.”

தனக்கொடி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

“எங்க வூட்டுக்கு யாரும் வர மாட்டாங்க தாயி. பதினாலு மாசமா ஒரு காக்கா குருவி வரல.”

பிறகு உட்கார்ந்து சொன்னாள். பாகூர்ப் பக்கம் கடலோரத்து ஊர் ஒன்று அவளுடையது. போன வருஷம் கரையில் ஒரு சண்டையில் ஒருவனுக்குக் கண் போயிற்று. ஊருக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம், போலீஸுக்கு யாரும் எதையும் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் கட்டுப்பாடு வைத்தார்கள். அவள் புருஷன் கலியன் கண்ணால் பார்த்ததை ஸ்டேஷனில் சொல்லிவிட்டான். அன்றோடு அந்த வீட்டை ஊர் தள்ளி வைத்தது. யாரும் பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, எந்தப் படகிலும் ஏற்றக்கூடாது. கலியன் மங்களூருக்குப் போய் யாருடைய படகிலோ வேலை செய்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான்.

“நீயும் கூடப் போயிருக்கலாமே யக்கா?”

“போயிட்டா நாங்க தப்பு பண்ணோம்னு ஆயிடும் இல்ல? வூடு எங்குளுது. நான் ஏன் போவணும்?” தனக்கொடி கைகளைப் பார்த்துக்கொண்டாள். “ஆனா வூட்டுக்குள்ள போனா மூச்சு முட்டுது. நான் போட்ட பாத்திரம் போட்ட எடத்துலயே இருக்குது. யாரோ ஒருத்தர் எதையாவது தட்டி வுட்டாகூட நல்லா இருக்கும்போல தோணுது.”

இளவரசி எழுந்து போய் ஊசியும் உப்புநீர்ப் பையும் எடுத்துவந்தாள்.

பட்டாணியைக் கொண்டுபோன நாள் இருவருக்கும் மறக்காது. கூடையை ஸ்கூட்டியில் வைத்தால் பயத்திலேயே செத்துவிடும் என்று, மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவரும் ஒருவரிடம் சொல்லி, மூன்று சக்கர மிதிவண்டியில் கூடையை வைத்து, இரண்டு பெண்களும் மாறிமாறி மிதித்துக்கொண்டு போனார்கள். வில்லியனூரில் கிளம்பியவர்கள் போய்ச்சேர மத்தியானம் ஆனது. ஊருக்குள் நுழைந்ததும் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர்கூட முறைக்கவில்லை, திட்டவில்லை. அந்தத் தெருவில் தனக்கொடி என்று ஒருத்தி நடக்கவே இல்லை என்பதுபோல் இருந்தார்கள். தன்னை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கும் வீட்டிலிருந்து வந்த இளவரசிக்கு, யாருமே பார்க்காத தெரு இன்னும் பயங்கரமாக இருந்தது.

சவுக்குத் தோப்பை ஒட்டி இரண்டு அறை ஓட்டு வீடு. பட்டாணி கூடையிலிருந்து பாய்ந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விட்டது. “இருக்கட்டும். எனக்கு மட்டும் இன்னா அவசரம்?” என்றாள் தனக்கொடி.

இளவரசி அடுத்த பத்து நாளில் காப்பக வேலை நேரத்திலேயே நாலு தடவை அங்கே போனாள். பூனைக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்லிக்கொடுத்தாள். தனக்கொடி உட்கார்ந்தாள், ஆனால் சும்மா இருக்க அவளுக்கு வரவில்லை. ஊர்க்கதை, மார்க்கெட் கதை, கலியன் பொண்ணு பார்க்க வந்த கதை என்று பேசிக்கொண்டே இருந்தாள். அப்படிப் பேசக்கூடாது என்று சொல்ல இளவரசி வாயெடுத்தபோது, டிரம்முக்குப் பின்னாலிருந்து கருகிய காது ஒன்று எட்டிப் பார்த்தது. அந்தக் குரலுக்குப் பூனை பழகிக்கொண்டிருந்தது.

மாதக் கடைசியில் சிஸ்டர் குடோன் சாவியைக் கொடுத்துவிட்டு ஓசூர் பஸ் ஏறினார். அன்று ஒரு மணிக்கு வீடு திரும்பிய இளவரசியிடம் அமுதம், “ஆச்சா?” என்று மட்டும் கேட்டாள். ஆச்சு என்றாள்.

அதன்பிறகு நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கரும்புக்குத் தோகை உரிக்க வந்த ஆட்களுக்குச் சோறு, மாட்டுக்குத் தண்ணீர், சாயங்காலம் மாமியாரோடு டிவி. ஸ்கூட்டி மாட்டுக்கொட்டகை ஓரம் தூசி படிந்து நின்றது. “சும்மா ஒரு ரவுண்டு வில்லியனூர் வரிக்கும் போய்ட்டு வரேன்,” என்று ஒருநாள் சொன்னாள்.

“எதுக்கு?” என்றான் ராஜ்குமார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான். “இன்னா வேணும் சொல்லு, நான் வாங்கியாறேன்.”

என்ன வேண்டும் என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. உள்ளே போய்விட்டாள். தனக்கொடி மட்டும் நாள் தவறாமல் போன் செய்வாள். நீர் ஏற்றியது, தின்றது, டிரம்முக்கு முன்னால் வந்து படுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். அந்தப் போன் வரும் நேரம் இளவரசி கரும்புக் கொல்லையின் வரப்புக்குப் போய்விடுவாள். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கரும்பு நிற்கும். நடுவில் நின்று வானத்தைப் பார்த்தால் ஒரு முழ அகலம்தான் தெரியும்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. பாகூர்ப் பக்கம் ஏரி நிறைந்து ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, பஸ் இல்லை என்றார்கள். நாலாம் நாள் மழை கொஞ்சம் ஓய்ந்த காலையில் தனக்கொடி கூப்பிட்டாள். அவள் குரல் கட்டியிருந்தது.

“தாயி, பூன பரண்மேல போய்ப் பூந்துக்கிச்சி. மூணு நாளா வரல. வூட்டாண்ட மோட்டார் வெச்சி தண்ணி எறைக்கிறாங்க, ராவும் பகலும் ஓடுது. நான் ஸ்டூல் போட்டு ஏறப்போயி வுழுந்து கை சுளுக்கிக்கிச்சி. நேத்து வரிக்கும் மேல முனகல் கேட்டுது. இன்னைக்கி அதுவும் இல்ல.”

இளவரசி போனை வைத்தாள். பிறகு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“எங்க?” என்றாள் அமுதம்.

“பாகூர் தாண்டி. அந்தப் பூனைக்கி முடியல.”

“பைத்தியமா உனக்கு? ரோடெல்லாம் வெள்ளம். ராஜ்குமார் தூங்கறான், எழுப்பிக் கேளு.”

“எழுப்பினா வேணான்னு சொல்லுவாரு அத்த,” என்று சொல்லி வண்டியை உதைத்தாள். அமுதம் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வந்தது ஏரிக்கரை திரும்பும்வரை கேட்டது போலவே இருந்தது.

மூன்று இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. ஓரிடத்தில் தண்ணீர் இருக்கை மட்டத்துக்கு வந்து இன்ஜின் நின்றுபோனது. அதற்கு மேல் இரண்டு கிலோமீட்டர் நடந்தாள். தனக்கொடியின் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். சுவருக்கு அந்தப்பக்கம் டீசல் மோட்டார் ஒன்று சுவரே அதிரும்படி ஓடிக்கொண்டிருந்தது. தனக்கொடி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

இளவரசி முதலில் மோட்டார்க்காரரிடம் போனாள். வெளியூர் ஆள். பேர் நடேசன். “நிறுத்தினா மோட்டார் வெக்கச் சொன்ன மேலத்தெருக்காரங்க என்ன உரிச்சிடுவாங்க,” என்றார்.

“ஒரு மணி நேரம்ணா. ஒரு உசுரு மேல மாட்டிக்கிட்டு கெடக்குது.”

“ஆளா?”

“பூன.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இடுப்புவரை சேறு, தலையில் மழை. “டீசல் ஊத்தணும்னு சொல்லிக்கிறேன். ஒரு மணி நேரம்தான்,” என்று மோட்டாரை அணைத்தார். திடீரென்று வந்த அமைதியில் காது அடைத்தது.

பரணுக்கு ஏற ஏணி வேண்டும். இளவரசி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். சிங்காரவேலு என்று ஒருவர் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். அவள் கேட்டதை முழுக்கக் கேட்டார். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார். ஏமாந்து திரும்பி வந்தவள் ஏறி நிற்பதற்காக மேஜைமேல் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் தண்ணீர் அலசும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பின்சுவரில் ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. சிங்காரவேலுவின் முதுகு மட்டும் வேலிக்கு அப்பால் தெரிந்தது.

தனக்கொடி அந்த ஏணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “பதினாறு மாசம்,” என்றாள்.

பரணில் குனிந்துதான் போக முடிந்தது. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டடி உயரம். முழுக்கக் கலியனின் வலைகள். இளவரசி வயிற்றால் ஊர்ந்து போனாள். மூலையில் இரண்டு கண்கள் தெரிந்தன. வழக்கம்போல் முதுகைக் காட்டிப் படுத்துத் துண்டை விரித்தாள். ஓடு முகத்தில் முட்டியது. கையை நீட்டினால் வலை, காலை நீட்டினால் வலை. மூச்சு விட்டால் பழைய உப்பின் வாடை. ஏம்பலத்தில் படுக்கும்போதும் இப்படித்தான் இருக்கிறது என்று நினைத்தாள். இருபது நிமிஷம் ஆனது. துண்டில் கனம் எதுவும் ஏறவில்லை. அதற்கு மேல் காத்திருக்கப் பயமாக இருந்தது. திரும்பி, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பட்டாணி பயத்தால் மட்டும் வராமல் இல்லை. முன்னங்கால் இரண்டும் கழுத்தும் நைலான் வலைக்குள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. இழுக்க இழுக்க இறுகியிருக்கிறது.

“யக்கா, வலையில மாட்டிக்கிச்சி. அறுக்கணும்.”

கீழே சத்தம் இல்லை. அந்த வலையைத் திரும்பக் கடலில் போடும் நாளுக்காகத்தான் கலியன் பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்தான்.

“யக்கா?”

“அறு,” என்றாள் தனக்கொடி. மீன் வெட்டும் கத்தி ஏணி வழியாக மேலே வந்தது.

ஒவ்வொரு கண்ணியாக அறுத்து எடுத்தாள். பட்டாணிக்குக் கீறவும் தெம்பில்லை. துண்டில் சுற்றிக் கீழே கொண்டுவந்தபோது ஈரத் துணி மாதிரி தொங்கியது. ஈறு வெளுத்து, தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. கட்டில்மேல் வைத்து உப்புநீர்ப் பையை ஆணியில் மாட்டினாள். முதல் ஊசி தவறியது. இரண்டாவது இறங்கியது. தனக்கொடி பூனையின் தலைக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கலியனைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், ஊரைத் திட்டினாள். பை பாதி இறங்கியபோது பூனையின் காது அசைந்தது. வெளியே மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. அது துடித்து எழப் பார்த்தது. தனக்கொடி தன் முந்தானையால் மூடி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அது அங்கேயே கிடந்தது.

மூன்று மணிக்கு, மீன் வேகவைத்த தண்ணீரை இரண்டு நக்கு நக்கியது. “பொழைச்சிக்கும்,” என்றாள் இளவரசி.

அவள் வீடு திரும்பியபோது இருட்டவில்லை. ஆனால் வாசலில் எல்லோரும் நின்றார்கள். ஒரு மெக்கானிக்கைப் பிடித்து வண்டியை ஓட வைத்து வந்திருந்தாள். ராஜ்குமார் கையை நீட்டினான். அவள் சாவியைக் கொடுத்தாள். அதை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“என்ன எழுப்பியிருந்தா நான் வந்திருக்க மாட்டனா?” என்றான்.

“வந்திருப்பீங்களா?” என்று அவள் கேட்டாள். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் உள்ளே போனான்.

அடுத்த மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. தட்டு வைத்தால் தின்றார்கள். அவள் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றது. எங்க கீற என்ற குரல்கூட இல்லை. முதல் நாள் அவளுக்கு அழுகை வந்தது. அந்தத் தெருவில் பதினாறு மாதம் நடந்தவளை நினைத்தாள். மூன்றாம் நாள் தனக்கொடியிடமிருந்து போன் வரவில்லை. இவள் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கை சுளுக்கு, நீர் ஏற்றியிருக்க முடியாது என்று இளவரசி பதறினாள்.

நாலாம் நாள் காலை சோறு வடித்து, குழம்பு இறக்கி, மூடி வைத்துவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அமுதம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“பஸ்ல போறேன் அத்த. சாயங்காலம் வந்துடுவேன்.”

அமுதம் முறத்தை நிறுத்தினாள். மூன்று நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தாள். “யார கேட்டுப் போற?”

“யாரையும் கேக்கல. சொல்லிட்டுப் போறேன்.”

பஸ் ஸ்டாப்புவரை நடக்கும்போது கடைக்காரன் போனை எடுப்பதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நடந்தாள்.

பாகூரில் பஸ் மாறி, மீதி தூரம் நடந்து போய்ச் சேர்ந்தபோது தனக்கொடி வாசலில் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டதாம்.

“தண்ணி ஏத்தினியா யக்கா?”

“நேத்தே ஏத்திட்டேன். இடது கையாலயே போட்டேன். ஒரே குத்துல எறங்கிச்சி.” பெருமையாகச் சொன்னாள். “இப்ப டிரம்முக்குப் பின்னால தூங்குது. எழுப்பாத.”

இளவரசி வாசற்படியில் நின்றாள். பையில் கொண்டுவந்த ஊசியும் மருந்தும் அப்படியே கனத்தன. இங்கே இனி அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பிப் போனால் அங்கே என்ன காத்திருக்கிறது என்றும் தெரியும். இதற்காகவா இவ்வளவும் என்று ஒருகணம் வெறுமையாக இருந்தது.

“இன்னா நின்னுக்கினே கீற?” என்றாள் தனக்கொடி. “உள்ள வா. டீ போடறேன்.”

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். டீ குடித்தாள். பிறகு மண்வெட்டியை வாங்கிக் கொஞ்ச நேரம் சேறு வாரினாள். மூன்றே முக்கால் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, “திங்கக்கெழம வரேன் யக்கா,” என்றாள்.

“எதுக்கு? பூனைக்கி நானே பாத்துக்கறேனே.”

“சும்மாதான்,” என்றாள் இளவரசி.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஏம்பலம் போய்ச் சேர்ந்தாள்.